தசைக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு



ஓசூரைத் தாண்டியதும் கர்நாடகத்தின் வாசலாக நிற்கிற ஊர் அத்திபெலே. தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைப்புக்காகப் புறப்பட்டு வந்த நம்முடைய ஜனங்களில் அநேகர் இங்கேயும், சந்தாபுரா, பொம்மசந்திரா பகுதிகளிலும் குடியேறியிருக்கிறார்கள். கணவன் ஒரு தொழிற்சாலைக்கும் மனைவி ஒரு கார்மெண்ட்ஸுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிற வீடுகளில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து தாயையோ தகப்பனையோ அழைத்து வருவது வழக்கமாகிவிட்டது.

ஊரில் இருந்தவரைக்கும் அந்தத் தாய் குடத்தில் தண்ணீர் சுமந்தார். மாட்டுக்குப் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து சமைத்தார், தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது தரையிலிருந்து எழுந்திருப்பார். இங்கே இரண்டு அறை கொண்ட வாடகைப் போர்ஷனில் குழாயில் தண்ணீர் வருகிறது, மிக்ஸியில் மாவு அரைபடுகிறது, வாஷிங் மெஷினில் துணி துவைபடுகிறது. மகன் பாசத்தோடு ஒரு நாற்காலியைத் தொலைக்காட்சிக்கு முன் போட்டு, "நீ உழைச்சது போதும்மா, சும்மா உட்காரு" என்கிறான். ஆறு மாதம் கழித்து அந்தத் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறார். ஒரு வருஷம் கழித்து நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றாமல் அவரால் எழுந்திருக்க முடிவதில்லை. "வயசாயிடுச்சு" என்று எல்லாரும் சொல்லுகிறோம். வயது செய்தது எவ்வளவு, நாற்காலி செய்தது எவ்வளவு என்பதை இம்மாதம் சிந்திப்போம்.

நமது சரீரத்தின் தசைகள் முப்பது, நாற்பது வயதுக்குப் பின் மெல்லக் குறையத் தொடங்குகின்றன. அறுபதைக் கடந்தபின் அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பர்க் என்ற மருத்துவ அறிஞர், இந்தக் குறைவுக்கு ஒரு பெயர் இருந்தால்தான் உலகம் இதைக் கவனிக்கும் என்று கருதி, 'சார்க்கோபீனியா' என்ற சொல்லை உண்டாக்கினார். வேதாகமக் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் அந்நியமானதல்ல. 'சார்க்ஸ்' என்பதைத்தான் நாம் மாம்சம் என்று வாசிக்கிறோம். 'பெனியா' என்றால் வறுமை. மாம்சத்தின் வறுமை! பவுல் அப்போஸ்தலன் மாம்சம் என்று எழுதும்போது பெரும்பாலும் வேறொன்றைக் குறிப்பிடுகிறார். இங்கே பேசப்படுவது எலும்பின்மேல் இருக்கிற சதை மாத்திரமே.

ஆனால் சதை குறைவது பாதிக் கதைதான். குறைகிற சதையின் இடத்திலே கொழுப்பு வந்து உட்காருகிறது என்பதே மற்றப் பாதி. கறிக்கடையில் இறைச்சியை வெட்டும்போது கவனித்திருப்பீர்கள். நன்றாக ஓடியாடி மேய்ந்த ஆட்டின் தொடைக்கறி சிவந்து, இறுகி இருக்கும். கட்டிப்போட்டுத் தீனி கொடுத்த ஆட்டின் கறியிலோ சிவப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கீற்றுகள் ஓடும். மனுஷருடைய தொடையிலும் அதே காரியம் நடக்கிறது. தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பைக் கையால் பிடித்துப் பார்க்கலாம்; தசைக் கட்டுகளுக்கு இடையிலும், தசை நார்களுக்கு உள்ளேயும் படிகிற இந்தக் கொழுப்பைக் கையால் பிடிக்க முடியாது, எடை பார்க்கும் இயந்திரமும் காட்டாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால் தெரியும். கொழுப்பு ஏறிய தசை அந்தப் படத்திலே அடர்த்தி குறைந்து, மங்கலாகத் தோன்றும்.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். தசை கொழுப்பாக மாறுவதில்லை. கொழுப்பும் தசையாக மாறுவதில்லை. இரண்டும் வெவ்வேறு செல்கள். தசை நார்களுக்கு இடையே ஒருவகை மூல செல்கள் இருக்கின்றன என்று 2010ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிக் குழுவினர் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். தசைக்கு நல்ல வேலை இருக்கும்போது, காயப்பட்ட தசையைச் செப்பனிட இந்தச் செல்கள் துணை செய்கின்றன. தசை நைந்து, அதைச் சீராக்கும் வேலை கெட்டுப்போகும்போது அவையே கொழுப்புச் செல்களாகின்றன. உழாமல் விட்ட நிலத்திலே நெல் களையாக மாறுவதில்லை. நெல் இல்லாத இடத்தில் களை முளைக்கிறது, அவ்வளவுதான்.

இது முதுமையினால் மாத்திரம் உண்டாவதா என்று கேட்கலாம். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல பதில் தருகிறது. ஆரோக்கியமான வாலிபர்களை ஊன்றுகோலின் உதவியால் நடக்கச் செய்து, நான்கு வாரங்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றவிடாமல் தூக்கி வைத்தார்கள். நான்கே வாரங்களில் அந்தக் காலின் தசைக்குள் கொழுப்பு அதிகரித்தது, பெலனும் குறைந்தது. இருபது வயதுக் காலுக்கே ஒரு மாதத்தில் இப்படியானால், எழுபது வயதுக் காலை ஒரு வருஷம் நாற்காலியில் வைத்தால் என்ன ஆகும்?

முதியோரைப் பற்றிய பெரிய ஆய்வு ஒன்று 1997ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க், மெம்பிஸ் ஆகிய இரு நகரங்களில் தொடங்கப்பட்டது. 70 முதல் 79 வயது வரையுள்ள 3,075 பேர் அதிலே சேர்க்கப்பட்டார்கள். எல்லாரும் அப்போது தாங்களாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் யாருடைய தொடைத் தசைக்குள் கொழுப்பு அதிகமாயிருந்ததோ, அவர்களே பின்வந்த ஆண்டுகளில் நடக்கவும் படியேறவும் அதிகமாய்த் தடுமாறினார்கள் என்று 2005இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு வெளியான செய்தி இன்னும் யோசிக்க வைப்பது. மூன்று வருஷங்களில் அவர்களுடைய தசை குறைந்த வேகத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு வேகத்தில் பெலன் குறைந்திருந்தது. உடல் எடை கூடித் தசையின் அளவும் குறையாமலிருந்தவர்களுக்குக்கூட பெலன் குறைந்தது. ஆக, கால் பருமனாக இருக்கிறது என்பதினாலே கால் பெலனாக இருக்கிறது என்று எண்ணக்கூடாது.

நம் நாட்டாருக்கு இதிலே கூடுதலான ஓர் ஆபத்து உண்டு. பூனே நகரின் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக் என்பவரும், இலண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்பவரும் 2004ஆம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் தங்கள் இருவருடைய புகைப்படத்தையும் அருகருகே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., ஒரே அளவு: 22.3. பார்வைக்கும் இருவரும் ஒல்லியானவர்கள். ஆனால் சரீரத்தின் கொழுப்பை அளந்து பார்த்தபோது வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம்! ஒல்லியான குண்டர் என்று இந்த நிலையைச் சொல்லலாம். நம் ஜனங்கள் பிறக்கும்போதே தசை குறைவாகவும் கொழுப்பு அதிகமாகவும் பிறக்கிறார்கள் என்று டாக்டர் யாஜ்னிக் பூனேயின் குழந்தைகளை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கையிருப்புக் குறைவாக உள்ளவன் செலவைக் கவனிக்க வேண்டியதுபோல, தசை குறைவாயிருக்கிற நாம் அதை இழக்காமலிருக்க மற்ற நாட்டாரைவிட அதிக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். நம்முடைய பெங்களூரிலேயே செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிலையத்தார், சரீரத்திலுள்ள பொட்டாசியத்தை அளந்து அதன் மூலம் தசை முதலிய செல்களின் அளவைக் கணிக்கும் கருவி ஒன்றை அமைத்திருக்கிறார்கள். நம்மவருடைய தசையை நம்மவருடைய அளவுகோலால் அளப்பதற்கான முயற்சிகள் இப்படி நடந்துவருகின்றன.

சர்க்கரை வியாதியும் இதோடு பிணைந்தது. இன்சுலின் இரத்தத்திலிருந்து இழுத்துச் செல்கிற சர்க்கரையில் பெரும்பங்கு போய்ச் சேருமிடம் தசைதான். தசை குறைந்து, மிச்சமிருக்கிற தசைக்குள்ளும் கொழுப்பு நிறைந்தால் சர்க்கரை எங்கே போகும்? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு, நம் நாட்டில் 10 கோடியே 10 இலட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று மதிப்பிட்டது. இதை நடத்திய சென்னை நிபுணர்கள் 2014இல் வெளியிட்ட மற்றோர் அறிக்கையின்படி, ஆராயப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சரீர அசைவு போதாதவர்கள்.

சரி, பரிகாரம் என்ன? "நான் தினமும் காலையில் நடக்கிறேன்" என்று அநேக மூப்பர்கள் சொல்லுகிறார்கள். நல்லது, விட்டுவிடாதிருங்கள், இருதயத்துக்கும் மனதுக்கும் அது பிரயோஜனமானது. ஆனால் சமதரையில் மெதுவாக நடப்பது தசையைப் பெலப்படுத்தப் போதாது. தசை பெலப்பட வேண்டுமானால் அது எதையாவது எதிர்த்துத் தள்ளவோ, இழுக்கவோ, தூக்கவோ வேண்டும். இதையே பளுப்பயிற்சி என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதியோர் வாரத்தில் இரண்டு நாட்களாவது தசையைப் பெலப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும், விழாமலிருப்பதற்கு நிதானத்தைக் காக்கும் பயிற்சியையும் பளுப்பயிற்சியையும் சேர்த்து வாரத்தில் மூன்று நாட்களாவது செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது.

"இந்த வயதில் பளு தூக்குவதா?" என்று சிரிக்கிறவர்கள் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடந்ததைக் கேளுங்கள். டாக்டர் மரியா ஃபியாட்டரோன் என்ற பெண் மருத்துவர், ஏறக்குறைய தொண்ணூறு வயதுள்ள பத்துப் பேரைத் தெரிந்தெடுத்தார். தளர்ந்துபோனவர்கள், பல வியாதிகள் உள்ளவர்கள். எட்டு வாரங்கள் அவர்களுடைய தொடைத் தசைகளுக்குக் கடுமையான பளுப்பயிற்சி கொடுத்தார். இடையில் ஒருவர் நின்றுவிட்டார். முடித்த ஒன்பது பேரின் கால் பெலன் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்து நின்றார். 1990இல் இது வெளியானபோது மருத்துவ உலகம் ஆச்சரியப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நூறு பேரை வைத்து அவரே அதை மறுபடியும் செய்துபார்த்தார். இந்த முறை சிலருக்குச் சத்துப் பானமும் கொடுத்தார். பயிற்சி செய்தவர்கள் பெலப்பட்டார்கள். பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மாத்திரம் குடித்தவர்களுக்குத் தளர்ச்சி நீங்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பெற்றோருக்கு ஊட்டச்சத்து மாவு டப்பா வாங்கிக்கொண்டு போகிற பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். டப்பாவை வாங்கிக் கொடுப்பது சுலபம்; பக்கத்தில் நின்று பத்து தடவை எழுந்து உட்காரச் செய்வதுதான் கடினம்.

தசைக்குள் இருக்கிற கொழுப்பைப் பற்றி என்ன? 2008இல் வெளியான பிட்ஸ்பர்க் ஆய்வு ஒன்றில், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தாருக்கு ஆரோக்கியத்தைப் பற்றிய போதனை மாத்திரம். மற்றக் கூட்டத்தாருக்கு ஒரு வருஷம் நடைப்பயிற்சியோடு பளுப்பயிற்சியும் நிதானப் பயிற்சியும். போதனை மாத்திரம் கேட்டவர்களின் தசைக்குள் கொழுப்பு ஒரே வருஷத்தில் ஏறக்குறைய 18 சதவீதம் கூடிவிட்டது. பயிற்சி செய்தவர்களுக்கோ அது குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. (போதனையை மாத்திரம் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றிப் போதகனாகிய நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லப் போவதில்லை.) 2009இல் வெளியான இன்னோர் ஆய்வில், பளுப்பயிற்சி செய்துவந்த முதியோர் 24 வாரங்கள் அதை நிறுத்தியபோது தசைக்குள் கொழுப்பு ஏறியது, மறுபடியும் 12 வாரங்கள் செய்தபோது இறங்கியது. எல்லா ஆய்வுகளும் ஒரே விதமாகச் சொல்லுகின்றன என்று நான் சொல்லமாட்டேன். சிலவற்றில் கொழுப்பு குறையாமல் ஏறாமல் மாத்திரம் நின்றது. சிலவற்றில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பெலன் கூடியது என்பதில் ஏறக்குறைய எல்லாரும் ஒருமனப்பட்டிருக்கிறார்கள். எழுபது வயதுக்காரருக்கு வேண்டியது ஸ்கேன் படத்தின் அழகல்ல, கழிப்பறையிலிருந்து தானாக எழுந்து வருவதே.

உடல் பருத்திருக்கிற முதியோர் சிலர், எடையைக் குறைக்க உணவைக் குறைத்துவிட்டு நடையை மாத்திரம் கூட்டுகிறார்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வில், பருமனான 160 முதியோரை வைத்துப் பார்த்தபோது, உணவைக் குறைத்து நடை போன்ற பயிற்சியை மாத்திரம் செய்தவர்கள் கொழுப்போடுகூடத் தசை முதலான கொழுப்பற்ற எடையில் 5 சதவீதத்தை இழந்தார்கள். பளுப்பயிற்சி செய்தவர்கள் இழந்தது 2 சதவீதமே. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களே எல்லாரிலும் சிறப்பாக நடமாடினார்கள். எடை குறைந்தது என்று சந்தோஷப்படுமுன், குறைந்தது எது என்று கேட்க வேண்டும்.

உங்கள் வீட்டு முதியவரின் நிலையை அறிய ஒரு சிறிய சோதனை உண்டு. சுவரோடு ஒட்டிப் போட்ட, கை இல்லாத நாற்காலியில் அவரை உட்காரச் செய்யுங்கள். கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு, ஐந்து தடவை முழுதும் எழுந்து நின்று உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் அருகில் நின்றுகொண்டு கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் தசை பெலவீனத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019இல் வரையறுத்தது. கெண்டைக்காலின் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாயிருப்பதும் ஓர் எச்சரிப்பு. தையல் டேப் எல்லார் வீட்டிலும் இருக்கிறதல்லவா?

இனிப் பயிற்சி. ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை, டம்பெல்ஸ் வாங்க வேண்டியதுமில்லை. முதலாவது, இதே நாற்காலிப் பயிற்சிதான். முடியாதவர்கள் தொடையில் கையை ஊன்றி எழலாம். நாற்காலியின்மேல் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். நாளடைவில் தலையணையை எடுத்துவிடுங்கள், பின்பு கையை எடுத்துவிடுங்கள், பின்பு இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள். இரண்டாவது, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, நுனிக்காலில் நின்று, மெல்ல இறக்குவது. மூன்றாவது, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் பதித்து, மார்பைச் சுவரண்டை கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுவது. நான்காவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முழங்கையை மடக்கித் தூக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை, கணக்கு எளிது. துணிப்பையில் இரண்டு, மூன்று பாட்டில்களை வைத்தால் எடை கூடிவிடும். மாடிப்படியின் கடைசிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குவதும் நல்லது.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு தடவை செய்து, சற்று இளைப்பாறி, மறுபடியும் ஒரு சுற்று செய்யுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். இடையிலுள்ள நாளில்தான் தசை தன்னைக் கட்டிக்கொள்கிறது. எவ்வளவு எடை என்பதற்கு ஒரு விதி: கடைசி இரண்டு தடவையும் கஷ்டமாயிருக்க வேண்டும், ஆனாலும் முறை தவறாமல் செய்ய முடிய வேண்டும். பன்னிரண்டு தடவையும் பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் எடை போதவில்லை என்று அர்த்தம். வருஷம் முழுவதும் அதே ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டிருப்பவர்களுக்குத் தசை ஏறாது. எழுந்திருப்பது ஒரு மூச்சிலும், உட்காருவது மெதுவாக மூன்று எண்ணும் நேரத்திலும் இருக்கட்டும். தூக்கும்போது மூச்சை அடக்காதிருங்கள். அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை விடுவதே முறை.

சிலருக்கு எச்சரிப்பும் அவசியம். நடக்கும்போது நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல் உள்ளவர்கள், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தமுள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சமீபத்தில் கண்ணிலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை செய்தவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்கக்கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்கள் வெறும் வயிற்றில் செய்யவேண்டாம். எலும்பு தேய்ந்தவர்கள் முன்னால் குனிந்து எடை தூக்கவேண்டாம். மூட்டுவலி உள்ளவர்களோ பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. தொடைத் தசை பெலப்படும்போது முழங்காலின் வலி அநேகருக்குக் குறைகிறது; வலி தாங்கக்கூடிய அளவுக்குள் செய்ய வேண்டும். முதியோருக்கென்றே சிறப்பு மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு உண்டு; சென்னை கிண்டியில் 2024ஆம் ஆண்டு முதியோருக்கென்றே அரசு மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது.

பயிற்சி செய்தால் மாத்திரம் போதாது, கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். அது புரதம். வயதானவர்கள் இரவில் இரண்டு துண்டு ரொட்டியும் தேநீருமாக முடித்துக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணம். முதியோருக்கு அவர்கள் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் அல்லது சற்றுக் கூடுதலான புரதம் நாள்தோறும் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். 55 கிலோ எடையுள்ள ஒரு தாய்க்கு 55 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம் கிடைக்கும். அரை லிட்டர் பாலும் தயிருமாக 16 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10 கிராம். மிச்சத்தைச் சோறும் கேழ்வரகுக் களியும் சாம்பார்ப் பருப்பும் நிரப்பிவிடும். தர்மபுரியிலிருந்து வந்தவர்களுக்குக் களியும் கொள்ளுக் குழம்பும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களும் முத்தையும் ஹுருளி சாறுமாக அதையேதான் சாப்பிடுகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக்கூடாது.

உபவாசத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. எழுபது வயதில் தொடர்ந்து மூன்று நாள் தண்ணீரோடு மாத்திரம் இருக்கிற தாய்மார் நம் சபைகளில் உண்டு. அவர்களுடைய வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த வயதில் சரீரம் பட்டினியில் தசையையும் உருக்கித் தின்கிறது. இழந்ததைத் திரும்பக் கட்ட வாலிபரைவிட நெடுநாள் ஆகும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம். ஒருவேளை உணவைத் தள்ளி ஜெபிப்பதும் உபவாசமே என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது போதகர்களின் கடமை.

பயிற்சி என்றவுடன் சில விசுவாசிகள் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தைத் திறந்துவிடுகிறார்கள். அங்கே அப்போஸ்தலன் சரீர முயற்சியையும் தேவபக்தியையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். ஒன்றைச் சிறியது என்றாரே தவிர, தள்ளிவிடச் சொல்லவில்லை. ஊர் ஊராகக் கால்நடையாய் நடந்து ஊழியம் செய்தவர், கூடாரத் தோலைத் தைத்துக் கைவேலை செய்தவர் அவர். அவருக்குத் தனியாகப் பளுப்பயிற்சி தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அவர் வசனத்தைச் சாக்காகச் சொல்ல அதிகாரமில்லை. எண்பத்தைந்து வயதில் மலைநாட்டைக் கேட்டு வாங்கின காலேப்பும் வேதத்தில் இருக்கிறார், எண்பது வயதில் தளர்ந்துபோய் ராஜாவின் அழைப்பை மறுத்த பர்சிலாவும் இருக்கிறார். இருவரும் கனம் பெற்றவர்களே. எல்லாரும் காலேப் ஆகிவிட முடியாது. ஆனால் காலேப்பாக இருக்கக்கூடியவரைப் பிள்ளைகள் தங்கள் அன்பினாலேயே பர்சிலா ஆக்கிவிடக்கூடாது.

சபையிலும் சில காரியங்களை மாற்றலாம். பாயிலிருந்து எழும்புகிற பெரியவரின் இரு கைகளையும் பிடித்து வாலிபர்கள் தூக்கிவிடுகிறார்கள். அது மரியாதைதான், ஆனாலும் அருகில் ஒரு நாற்காலியை நகர்த்தி வைத்து, அதைப் பிடித்துத் தாமாக எழும்ப விட்டு, விழாமல் பார்த்துக்கொள்வது அவருக்கு அதிக நன்மை. பெண்கள் கூடுகையில் பத்து நிமிஷத்தை இதற்கு ஒதுக்கலாம். நாற்காலி இருக்கிறது, சுவர் இருக்கிறது, கூட்டமாகச் செய்யும்போது வெட்கமும் போய்விடும். வீட்டிலும் அம்மாவின் கையிலிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதிருங்கள். மாவுச் சட்டியைத் தூக்கி வைப்பதும், ஈரத் துணியைப் பிழிந்து மாடியில் உலர்த்துவதும், கடையிலிருந்து இரண்டு கிலோ காய்கறிப் பையைச் சுமந்து வருவதும் அவருக்குக் கூலியில்லாத பளுப்பயிற்சி. அவருக்கு முடிகிற வேலை எது, முடியாத வேலை எது என்று அவரையே கேட்டால் நல்லது. பெரும்பாலும் நாம் கேட்பதில்லை.

முதல் இரண்டு வாரங்கள் தொடையும் புஜமும் வலிக்கும். அது சதை விழித்துக்கொள்கிற வலி, இரண்டொரு நாளில் ஆறிவிடும். மூட்டுக்குள் குத்தும் வலியோ வீக்கமோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பெலன் ஏறுவது ஆறு முதல் எட்டு வாரங்களில் தெரியும். ஐந்து தடவை எழுந்து உட்காரும் சோதனையை மாதம் ஒருமுறை செய்து, விநாடிக் கணக்கைக் காலண்டரில் குறித்து வாருங்கள். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போய் ஒரு மாதம் விட்டுவிட்டால், ஏறிய பெலனில் நல்ல பங்கு இறங்கிப்போகும். பாஸ்டனில் பயிற்சி செய்த அந்தத் தொண்ணூறு வயதுக்காரர்களும் நான்கு வாரம் நிறுத்தியபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெலனை இழந்தார்கள். திரும்பி வந்ததும் பழைய எடையை உடனே தூக்காமல், அதில் பாதியிலிருந்து தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் பழைய அளவுக்கு வாருங்கள்.